மருந்தும் ஓர் அமானிதம்
(ஜும்ஆ பேருரை, மறைமலை நகர்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் தூய குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நின்று நிலவட்டுமாக!

   

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பலர் மிம்பரில் பேசத் தயங்கும் ஒரு விஷயம். எச்.ஐ.வி. என்னும் கிருமியின் தொற்றுக்கு ஆளாகி, அதற்காக நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வாழும் நம் சகோதர, சகோதரிகளைப் பற்றியது அது. அந்த மாத்திரையோடு வேறொரு மருந்தைக் கேளாமல் சேர்த்து உண்பதால் வரும் ஆபத்தைப் பற்றியும், அப்படிக் கேளாமல் இருக்கும்படி அவர்களைத் துரத்துகிற நம் நாவுகளைப் பற்றியும் பேச வேண்டியுள்ளது. "இது நமக்கு வேண்டாத பேச்சு" என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இந்த ஸஃப்பில் நம் தோளோடு தோள் சேர்த்து நிற்பவர்களிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவர் யார் என்று நாம் தேட வேண்டியதில்லை, தேடவும் கூடாது. அவருக்குப் பயன்படும்படி பேசுவதும் கேட்பதுமே நம் கடமை.

நம் ஊருக்கு அருகிலேயே ஒரு வரலாறு

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில் டாக்டர் செல்லப்பன் நிர்மலா அவர்கள் செய்த ஆய்வு அதனை வெளிப்படுத்தியது. அதற்குப் பின் நோயாளிகளை ஏற்கப் பல இடங்களில் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில், தாம்பரம் சானடோரியத்திலுள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அவர்களுக்குக் கதவு திறந்தது. அது 1928ஆம் ஆண்டு டாக்டர் சவுரிமுத்து அவர்களால் காசநோயாளிகளுக்கென்று தொடங்கப்பட்டுப் பின்னர் அரசுடைமையான மருத்துவமனை. ஒரு காலத்தில் காசநோய் என்றாலே உறவினரும் விலகி ஓடுவர். அவ்வாறு ஒதுக்கப்பட்டோருக்காக எழுந்த இடமே பிற்காலத்தில் இன்னொரு நோயால் ஒதுக்கப்பட்டோருக்கும் அடைக்கலமாயிற்று.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபோது, முதலில் தெரிவு செய்யப்பட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் இந்தத் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. இதை 'ஏ.ஆர்.டி. சிகிச்சை' என்று சொல்கின்றனர். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இச்சிகிச்சை மையம் உள்ளது. ஆக, நமக்கு வடக்கிலும் தெற்கிலும், மின்தொடர் வண்டியில் போய் வரக்கூடிய தூரத்தில், இறைவன் இந்த வாசலைத் திறந்து வைத்துள்ளான்.

முன்பு வேளைக்குப் பல மாத்திரைகள் உண்ண வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மாத்திரைதான். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்று மருந்துகளும் அதனுள் அடங்கியுள்ளன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி இதையே முதல்நிலைச் சிகிச்சையாக வகுத்திருக்கிறது. தவறாமல் உட்கொண்டால் இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்நிலை நீடிக்கும்போது தாம்பத்திய உறவின் மூலமும் பிறருக்குப் பரவுவதில்லை என்று மருத்துவ உலகம் உறுதிப்படுத்தியுள்ளது. நோயாளி உழைக்கிறார், குடும்பம் நடத்துகிறார், தொழுகிறார், நோன்பு நோற்கிறார். அல்ஹம்து லில்லாஹ்!

நன்மையானதும் சிலருக்கு ஆகாது

சகோதரர்களே! மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு மாறானதன்று. உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், நாட்டுப்புற அரபிகள் வந்து மருத்துவம் செய்யலாமா என்று வினவியபோது, செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர ஏனைய நோய்களுக்கு அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்றும் அறிவித்தார்கள். (அபூதாவூத், திர்மிதி)

ஆனால் மருந்து என்பதற்காக எதையும் எதனோடும் உண்ணலாமா? இங்கே நபிவழியில் நுட்பமான ஒரு பாடம் உண்டு. உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் இல்லத்திற்கு நபி (ஸல்) அவர்கள் சென்றார்கள். உடன் வந்த அலீ (ரலி) அவர்கள் நோயிலிருந்து அப்போதுதான் தேறியிருந்தார்கள். அங்கே தொங்கிய பேரீச்சங் குலைகளிலிருந்து நபியவர்கள் உண்டார்கள். அலீ (ரலி) அவர்களும் உண்ணத் தொடங்கியபோது, நோயிலிருந்து எழுந்த உடம்புக்கு அது வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். பிறகு அந்தப் பெண்மணி வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டு வந்தபோது, இது உமக்கு ஏற்றது என்று கூறி உண்ணச் சொன்னார்கள். (அபூதாவூத், திர்மிதி)

பேரீச்சம்பழம் பரக்கத்தான உணவு என்பதில் ஐயமுண்டா? அதை நபியவர்களே உண்டு கொண்டிருந்தார்கள். ஆயினும் ஒருவருக்கு உகந்த அது, அதே வேளையில், அதே இடத்தில், இன்னொருவருக்கு உகந்ததாக இல்லை. பொருளின் சிறப்பு வேறு. உண்பவரின் உடல்நிலை வேறு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை.

அதேபோல், நபி (ஸல்) அவர்கள் தர்பூசணியைப் பேரீச்சங் கனிகளோடு சேர்த்து உண்டு, ஒன்றின் சூட்டை மற்றொன்றின் குளிர்ச்சி தணிக்கும் என்று விளக்கியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். (அபூதாவூத்) ஒரு பொருள் இன்னொரு பொருளின் செயலை மாற்றும் என்ற உண்மை இங்கே எவ்வளவு எளிமையாகச் சொல்லப்பட்டுவிட்டது! உணவுக்கே இது உண்டென்றால், வீரியமிக்க மருந்துகளுக்கு எவ்வளவு இருக்கும்?

மூன்று இடங்களில் நடக்கும் மோதல்

மருத்துவர்கள் கூறுவதை எளிமையாகச் சொல்கிறேன். இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் இடங்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது வயிறும் குடலும். டோலுடெக்ராவிர் மருந்து சில உலோகச் சத்துகளோடு ஒட்டிக்கொண்டு, இரத்தத்தில் சேராமலேயே வெளியேறிவிடும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் பாகு மருந்துகளில் அலுமினியம், மெக்னீசியம் உண்டு. எனவே அவற்றைக் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ, குடித்து ஆறு மணி நேரம் கழித்தோதான் எச்.ஐ.வி. மாத்திரையை உட்கொள்ள வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி வேண்டும். இடைவெளி விட இயலாவிடில் உணவோடு சேர்த்து இரண்டையும் உண்ணலாம் என்கின்றனர். வெறும் வயிற்றில் இரண்டையும் ஒன்றாக உண்பதுதான் கூடாது. கர்ப்பிணிப் பெண்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கருவிலுள்ள குழந்தைக்குத் தொற்று வராமல் காப்பது தாயின் அந்த ஒரு மாத்திரையே. அதே தாய்க்கு இரத்தசோகைக்காக இரும்புச் சத்து மாத்திரையும் தருகின்றனர். இரண்டும் தேவை. இரண்டுக்கும் நேரம் வகுத்துக் கேட்டுக்கொள்வதும் தேவை.

இரண்டாவது கல்லீரல். நாம் உண்ணும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் தொழிற்சாலை அது. சில மருந்துகள் அத்தொழிற்சாலையின் வேகத்தைக் கூட்டிவிடும், அப்போது எச்.ஐ.வி. மருந்து வேலை செய்யும் முன்பே சிதைந்துவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அத்தகையது. வலிப்பு நோய்க்குத் தரும் ஃபெனிடோயின், கார்பமாசெபைன் ஆகியனவும் அத்தகையன. காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒருங்கே உடையவருக்கு, ரிஃபாம்பிசின் உண்ணும் காலம் முழுவதும் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, அதாவது பன்னிரண்டு மணிக்கொரு முறை தரப்படுகிறது. காசநோய் மருந்து முடிந்த பின்னும் இரண்டு வாரங்கள் அதைத் தொடர்கின்றனர். ஒரு மருத்துவரிடம் காசநோயை மட்டும் சொல்லி, மற்றதை மறைத்துவிட்டால் இந்த இரண்டாவது மாத்திரையை யார் எழுதித் தருவார்? இதில் மருந்தைத் தெரிவு செய்வதே ஓர் ஆராய்ச்சியாக இருந்தது. நம் சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தார் நடத்தி 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், காசநோய் மருந்தோடு நாளுக்கொரு முறை நெவிரபின் உண்டவர்களைக் காட்டிலும் எஃபாவிரென்ஸ் உண்டவர்கள் நன்கு தேறினர் என்று தெரிய வந்தது. வல்லுநர்களே ஆராய்ந்து அறிய வேண்டிய விஷயத்தில், நாம் நம் ஊகத்தைக் கொண்டு முடிவெடுக்கலாமா?

சில மருந்துகளோ அத்தொழிற்சாலையின் வேகத்தைக் குறைத்துவிடும். முதல்நிலை மருந்து பயன்படாமல் போனவர்களுக்குத் தரும் இரண்டாம்நிலை மருந்துகளில் ரிட்டோனாவிர் என்று ஒன்றுண்டு. அதை உண்பவர் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் உண்ணக் கூடாது. ஒற்றைத் தலைவலிக்குரிய எர்கோட்டமின் உண்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கை, கால் விரல்களுக்கே ஆபத்து வரும். ஆஸ்துமாவுக்காக மூச்சில் இழுக்கும் சில ஸ்டீராய்டு மருந்துகள்கூட உடலில் தேங்கி முகம் வீங்கவும், சர்க்கரை ஏறவும் காரணமாகின்றன. மூச்சில் இழுப்பதுதானே, மூட்டில் போடும் ஊசிதானே என்று எண்ணி அதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

மூன்றாவது சிறுநீரகம். நீரிழிவு நோய் இல்லாத வீடு நம்மில் எத்தனை? அதற்குப் பெரும்பாலோர் உண்பது மெட்ஃபார்மின். டோலுடெக்ராவிர், மெட்ஃபார்மினைச் சிறுநீரகம் வெளியேற்றுவதைத் தடுத்து இரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடுகிறது. ஆகவே இரண்டையும் உண்பவருக்கு மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்கின்றனர். இன்னொன்று, மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். டெனோஃபோவிர் உண்பவரின் சிறுநீரகத்தை ஏற்கெனவே பரிசோதித்து வர வேண்டியுள்ளது. அதன்மேல் இந்தச் சுமையையும் ஏற்றினால் சிறுநீரகம் பழுதடையக்கூடும்.

நாள் முழுதும் இயந்திரத்தின் முன் நின்று உழைத்துவிட்டு இரவு வீடு திரும்பும் வழியில், ஜி.எஸ்.டி. சாலையோரக் கடையில் "இடுப்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி விழுங்குவது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. உறையில்லாமல், பெயரில்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் அந்த மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது. வாங்கியவர் வேறென்ன உண்கிறார் என்று விற்றவருக்கும் தெரியாது. இருவர் அறியாமையும் சேர்ந்து ஓர் உடலுக்குள் இறங்குகிறது.

கருஞ்சீரகமும் பூண்டும்

"ஹஜ்ரத், ஆங்கில மருந்துக்குத்தானே இதெல்லாம்? நம் வீட்டு மருந்துக்கும் உண்டா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஸஹீஹான ஹதீஸாகும். அதில் நமக்கு முழு ஈமான் உண்டு. ஆனால் அதை எப்படி விளங்குவது? இமாம் கத்தாபி (ரஹ்) போன்ற அறிஞர்கள், சொல் பொதுவாக இருந்தாலும் கருத்து குறிப்பிட்ட நோய்களையே சுட்டும் என்று விளக்கமளித்துள்ளனர். எந்த நோய்க்கு, எவ்வளவு, எதனோடு, எவ்வாறு என்று அறிந்து கொடுப்பது மருத்துவம் அறிந்தவரின் பணி என்பதை நம் முன்னோர்கள் மறந்ததில்லை. அந்த ஹதீஸைக் காட்டி, "ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்து, இந்த எண்ணெயைக் குடி" என்று ஒருவர் சொல்வாரானால், அவர் ஹதீஸை மேற்கோள் காட்டுகிறாரே தவிர, விளங்கியவராக மாட்டார். சமையலில் சேர்க்கும் கருஞ்சீரகம் வேறு. வேளைதோறும் மருந்தாகக் குடிக்கும் எண்ணெயும் குப்பிகளில் வரும் சத்தும் வேறு. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை அது தடுக்கக்கூடும் என ஆய்வுகள் காட்டியுள்ளதால், அதையும் மருத்துவரிடம் சொல்லியே உண்ண வேண்டும்.

பூண்டைப் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தார் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பூண்டுச் சத்து மாத்திரை உண்டவர்களின் இரத்தத்தில் சக்வினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோனது கண்டறியப்பட்டது. ரசத்தில் போடும் இரண்டு பல் பூண்டு அன்று, செறிவூட்டிய மாத்திரை. ஆயினும் 'இயற்கையானது, எதுவும் செய்யாது' என்ற நம் நினைப்பு சரியன்று என்பதற்கு இது சான்று. ஒரு பொருள் உடலில் எதுவுமே செய்யாது என்றால் அது மருந்தாகவும் ஆகாது. நோயைத் தணிக்கும் ஆற்றல் உள்ளதற்கு, வேறு மருந்தைத் தடுக்கும் ஆற்றலும் இருக்கலாம் அல்லவா?

சித்த மருத்துவத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அங்கே முறையாகப் பயின்ற மருத்துவர்கள் உள்ளனர். அவர்களிடமும், "நான் இன்ன மாத்திரை உண்கிறேன்" என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்பதே கருத்து. நாம் அஞ்ச வேண்டியது பெயரில்லாப் பொட்டலத்தையும், முகவரியில்லா வைத்தியரையும்தான். எய்ட்ஸ் நோயைக் குணமாக்கும் என்று எந்த மருந்துக்கும் உரிமை கொண்டாடக் கூடாது என நம் நாட்டின் மருந்துச் சட்ட விதிகளே தடுத்துள்ளன. எனவே அவ்வாறு விளம்பரம் செய்பவர் யாராயினும், தாடியும் தொப்பியும் தரித்தவராயினும், அவரை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத நிலையில் ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துள்ளார்கள். (அபூதாவூத், நஸாயி, இப்னுமாஜா) "என் மச்சானுக்கு இது கேட்டது, நீங்களும் சாப்பிடுங்கள்" என்று அக்கறையோடு மாத்திரையை நீட்டும் நம் அனைவருக்கும் அந்த எச்சரிக்கையில் பங்குண்டு.

ஓதிப் பார்த்தல், துஆ, ஸதக்கா ஆகியவற்றுக்கு எந்த மாத்திரையோடும் மோதல் இல்லை. அவற்றைத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஓதிய தண்ணீரைக் கையில் கொடுத்து, மாத்திரையைக் கையிலிருந்து பிடுங்குவது மார்க்கமன்று. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். அரைகுறையாக உண்டால் அந்த மருந்துக்கே கட்டுப்படாத வலிமையைக் கிருமி பெற்றுவிடும். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமியும் உடன் இருந்தால், டெனோஃபோவிரையும் லாமிவுடினையும் நிறுத்தியவுடன் கல்லீரல் கடுமையாகத் தாக்கப்படலாம். 'உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள்' என்ற கருத்திலமைந்த இறைக்கட்டளையை (2:195) இங்கே நாம் நினைவுகூர வேண்டும்.

ரமளானில் கவனிக்க வேண்டியது

நாளுக்கு ஒரு மாத்திரை உண்பவர் மருத்துவரிடம் கேட்டு அதை இரவு நேரத்திற்கு மாற்றிக்கொண்டு நோன்பு நோற்கலாம். நோன்புக் கஞ்சியோ பேரீச்சம்பழமோ அதற்குத் தடையில்லை. ஆனால் இஃப்தாரில் வடையும் சமோசாவும் உண்டு, வயிறு எரிகிறதென்று உடனே பாகு மருந்தைக் குடித்தால், அப்போதுதான் உண்ட மாத்திரை வீணாகும். மாத்திரையை இஃப்தாரில் உண்டவர், பாகு மருந்து தேவையெனில் இரண்டு மணி நேரம் கழித்து, தராவீஹுக்குப் பின் குடிக்கட்டும்.

காசநோயும் சேர்ந்து, பன்னிரண்டு மணிக்கொரு முறை மாத்திரை உண்ண வேண்டியவரின் நிலை வேறு. நம் ஊரில் ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை பன்னிரண்டு மணி நேரத்திற்கும் அதிகம். வேளை தவறினால் நோய் முற்றும் என்று மருத்துவர் கூறினால், அவருக்கு அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான் (2:184, 185). சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே. நோன்பு வைக்காதவரைப் பார்த்து, "உனக்கு என்ன வந்தது?" என்று துருவிக் கேட்பதை நாம் விட்டுவிட வேண்டும்.

ஏன் கேட்க அஞ்சுகின்றனர்?

இனி நான் சொல்லப்போவது நோயாளிக்கன்று, நமக்கு.

இவ்வளவு ஆபத்து இருக்கிறதென்றால், ஒரு சொல் கேட்டுவிட்டால் தீர்ந்துவிடுமே, ஏன் கேட்பதில்லை? பல் பிடுங்கப் போகும் இடத்திலும், காய்ச்சலுக்குப் போகும் இடத்திலும், மருந்துக்கடையிலும் ஏன் மறைக்கின்றனர்? அறியாமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அச்சம். "கடைக்காரர் நம் மஹல்லாக்காரர், நாளை மஃரிபுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மகளுக்கு வந்த சம்பந்தம் நின்றுவிடும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வர். வலீமாவில் ஒரே ஸஹனில் அமர யாரும் வரமாட்டார்கள்" என்ற அச்சம். நம்மூர்க்காரர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, அருகிலுள்ள மையத்தை விட்டுத் தொலைவிலுள்ள மையத்திற்குச் சென்று மாத்திரை வாங்குவோரும் உண்டு. உறையைக் கிழித்து எறிந்துவிட்டு, வேறு டப்பாவில் மாத்திரையைப் போட்டு வைப்போரும் உண்டு. நாளை அவர் மயங்கி விழுந்தால், என்ன மாத்திரை உண்டார் என்று மனைவி மக்களுக்கே சொல்லத் தெரியாது!

சகோதரர்களே! எச்.ஐ.வி. ஒரே ஸஹனில் உண்பதால் பரவாது. ஹவ்ளில் உளூ செய்வதால் பரவாது. முஸாஃபஹா செய்வதால், ஸஃப்பில் ஒட்டி நிற்பதால், ஒரே குவளையில் நீர் அருந்துவதால் பரவாது. கணவனிடமிருந்து அறியாமலே பெற்ற மனைவியரும், தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளும், இரத்தம் ஏற்றியதால் பெற்றவர்களும் நம் நாட்டில் உள்ளனர். எப்படி வந்தது என்று விசாரிக்கும் நீதிபதிகளாக நம்மை யாரும் நியமிக்கவில்லை. தீய எண்ணத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் அல்லாஹ் ஒரே வசனத்தில் தடுத்துள்ளான் (49:12). ஒருவர் தவறு செய்தே நோயுற்றிருந்தாலும், அவருக்கும் தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. மருத்துவத்தின் வாசலை மட்டும் நாம் அடைப்பதா?

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, பிறர் கேட்கின்றனரோ என்று திரும்பிப் பார்ப்பாராயின், அச்செய்தி அமானிதமாகிவிடுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். (அபூதாவூத், திர்மிதி) "யாரிடமும் சொல்லாதே" என்று வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியதில்லை. ஒரு திரும்பிய பார்வையே போதும். மருந்துக்கடையில் பணிபுரியும் நம் பிள்ளைகளே! மருத்துவமனையில் பணியாற்றும் சகோதரிகளே! ஒருவர் சீட்டை நீட்டும்போது சுற்றுமுற்றும் பார்ப்பாரே, அந்தப் பார்வை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், நோயாளியின் சம்மதமின்றி அவருடைய நிலையை வெளியிடுவதையும், வேலையிலும் வாடகை வீட்டிலும் மருத்துவத்திலும் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்துள்ளது. சட்டத்திற்கு அஞ்சியாவது சிலர் காக்கும் அமானிதத்தை, அல்லாஹ்வுக்கு அஞ்சும் நாம் காக்கத் தவறலாமா?

இதற்கொரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள்: ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது அனுமதியில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் அவருடைய மரணத்திற்கு அந்தத் தோழர்களையே பொறுப்பாக்கிக் கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்று கண்டித்தார்கள். (அபூதாவூத்)

கவனியுங்கள்! அந்த நோயாளி கேட்டார். அறியாதவர்களிடம் கேட்கும்படி ஆனதுதான் அவருக்கு நேர்ந்த துயரம். இன்றைய நோயாளியோ கேட்கவே வழியின்றி நிற்கிறார். கேட்டவருக்குத் தவறான பதில் சொன்னோரையே அவ்வளவு கடுமையாகக் கண்டித்த நபியவர்கள், ஒருவர் வாய் திறந்து கேட்பதற்கே அஞ்சும்படி செய்துவிட்ட சமூகத்தைப் பார்த்து என்ன சொல்வார்கள்?

நாம் செய்ய வேண்டியவை

நோயுற்ற சகோதர, சகோதரிகளுக்குச் சில வேண்டுகோள்கள். நீங்கள் உண்ணும் எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, லேகியம், சத்து மாத்திரை, கருஞ்சீரக எண்ணெய் ஆகியவையும் அதில் இடம் பெறட்டும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், "நான் ஏ.ஆர்.டி. மாத்திரை உண்கிறேன்" என்று தனிமையில் சொல்லிவிடுங்கள். புதிய மருந்தைத் தொடங்கும் முன்பும், பழைய மருந்தை நிறுத்தும் முன்பும் ஏ.ஆர்.டி. மையத்தில் காட்டிக் கேளுங்கள். எந்த மருந்து எதனோடு மோதும் என்பதை இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் விரிவான பட்டியலாகத் தொகுத்து வருகின்றனர். அதைப் பார்த்துச் சொல்ல மருத்துவர்களால் இயலும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1097. முகம் காட்டாமல், அதில் கேட்டுத் தெளியலாம். உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது மாத்திரையின் பெயரைச் சொல்லி வையுங்கள்.

குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மாத்திரை நேரத்தை நினைவூட்டுங்கள். அதைக் குத்திக் காட்டாதீர்கள். உங்களிடம் சொல்லப்பட்டதை மாமியார் வீட்டுக்கும் மைத்துனர் வீட்டுக்கும் கொண்டு செல்லாதீர்கள்.

ஜமாஅத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நோயின் பெயரைச் சொல்லி எவரையும் பந்தியிலிருந்தோ, ஸஃப்பிலிருந்தோ, மையவாடியிலிருந்தோ விலக்காதீர்கள். பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் போய் வர வண்டிக் கட்டணம் இல்லாதவருக்கு, காரணம் கேளாமல் பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள். ஓர் உயிரை வாழ வைப்பது மனித குலம் முழுவதையும் வாழ வைப்பதற்கு ஒப்பானது என்று குர்ஆன் (5:32) போதிக்கிறது. அந்த நற்பேறு சில வேளைகளில் ஒரு வண்டிச் சீட்டின் விலையில் கிடைத்துவிடுகிறது; சில வேளைகளில் நாவை அடக்கிய ஒரு மௌனத்தில் கிடைத்துவிடுகிறது.

உடல் அமானிதம், அதைக் காக்கும் மருந்து அமானிதம், அம்மருந்தைப் பற்றி நம்பிச் சொல்லப்பட்ட சொல்லும் அமானிதம். இம்மூன்றைப் பற்றியும் நாளை மறுமையில் நாம் வினவப்படுவோம்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்கு உன் கருணையால் பூரண ஷிஃபாவை அருள்வாயாக! அவர்கள் உண்ணும் மருந்தில் பயனை வைப்பாயாக! அறியாததைக் கேட்டறியும் பணிவை அவர்களுக்கும், கேட்டதைக் காத்து மறைக்கும் கண்ணியத்தை எங்களுக்கும் தந்தருள்வாயாக! எங்கள் நாவால் எவரும் மருத்துவத்தை இழந்துவிடாமல் எங்களைக் காப்பாயாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!